இரண்டாம் பக்கத்தில் நன்றாகத்தான் இருந்தாள்

நான் எழுதிய சிறுகதையைப் படித்துவிட்டு ஒரு பெண்மணி ஏரியில் விழுந்து செத்துப்போனார் என்று ஒரு பொங்கல் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். என் எழுத்துக்கு அத்தனை சக்தி உண்டென்று அதற்கு முன்னும் யாரும் நம்பியதில்லை, பின்னும் நம்பியதில்லை. என் மனைவி அப்போதே சொன்னாள்: "உங்க கதையைப் படிச்சு ஆள் சாவாங்கன்னா, மொதல்ல நான்தானே போயிருக்கணும்? நீங்க எழுதி முடிச்ச அன்னிக்கே படிக்கறவ நான்." சரியான வாதம்தான். ஆனால் பயந்தவன் வாதத்தை எங்கே கேட்கிறான்?

அந்தப் பெண்மணியின் பெயர் வேண்டாம். எங்கள் வாசகர் வட்டத்தில் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம், அவரைவிட மூத்தவர்கள் உட்பட. திருமுல்லைவாயிலில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில், ஏற்றுமதிக்குத் துணி தைக்கிற கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்த வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குச் சோகக் கதை ஏதும் கிடையாது. நாங்கள் தோண்டிப் பார்த்துவிட்டோம். காதல் தோல்வி, வரதட்சணை, செவ்வாய் தோஷம், கரைசேர்க்க வேண்டிய தம்பி தங்கைகள், ஒன்றும் சிக்கவில்லை. "புடிக்கலபா, பண்ணிக்கல" என்று முடித்துவிட்டார். எழுதுகிற கூட்டத்துக்கு இதைவிடப் பெரிய துரோகத்தை ஒருவர் செய்ய முடியாது.

கூட்டத்துக்கு ஸ்கூட்டரில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைப்பார். யாராவது அங்கே உட்கார வந்தால் எடுக்க மாட்டார். "அதுவும் கேக்க வந்துகீது" என்பார். கூட்டம் முடிந்து ஒருநாள் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஓட்டலுக்குள் நுழைந்தபோது பார்த்தேன். நாலு பேர் மேஜையில் இவர் ஒருவராக உட்கார்ந்து நிதானமாக நெய் ரோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, வாசலில் கூட்டம் நிற்கிறது. சர்வர் வந்து குழைந்தார்.

"மேடம், ஃபேமிலி வெய்ட் பண்றாங்க. அந்த ஓரத்து டேபிளுக்கு மாறிக்கறீங்களா?"

"நானும் ஃபேமிலிதான்பா" என்றார் அக்கா. "ஒரு ஆள் ஃபேமிலி. ஒரு காப்பி எடுத்துட்டு வா."

நான் என்ன செய்தேன்? தெரிந்தவர் மாதிரி காட்டிக்கொள்ளாமல் பரோட்டா பார்சல் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஊரே எழுந்து நிற்கும்போது உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். கூட்டத்தில் எல்லாரும் கை தட்டினால் எதற்கென்று தெரியாமலே தட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் "இப்ப என்ன சொன்னாரு?" என்று கேட்கிற சாதி நான்.

எங்கள் வட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு ட்யூஷன் சென்டரின் மொட்டைமாடிக் கொட்டகையில் மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்டுப்போன கணக்கு இருக்கும். அதற்குக் கீழே நின்று கதை படிப்போம். தலைவர் ஆவடியில் பாத்திரக் கடை வைத்திருந்தார். டீ, வடை, வருஷம் ஒரு பொங்கல் மலர் அச்சடிக்கிற செலவு, எல்லாம் அவர் பொறுப்பு. ஆகவே கதைகளின் முடிவும் அவர் பொறுப்பு. யார் படித்தாலும் முதலில் எல்லாரும் "அருமை" என்போம். அப்புறம் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு, "முடிவுல ஒரு அதிர்வு பத்தல" என்பார். உடனே ஆளாளுக்கு அதிர்வைத் தேட ஆரம்பிப்போம். வீட்டை விட்டுப் போனவனை லாரியில் அடிப்போம். ஊர் பேச்சைக் கேட்காதவளுக்குப் பைத்தியம் பிடிக்கவைப்போம். ரொம்ப இளகிய மனசுக்காரர்கள் அவளைத் திரும்பக் கூட்டிவந்து அப்பா காலில் விழவைப்பார்கள். எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவுதான் அச்சுக்குப் போகும். இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் செம்மையாக்கம்.

அக்கா கதை எழுதவில்லை. கவிதையும் எழுதவில்லை. கேட்க மட்டும் வந்தார். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"அவ ஏன்பா சாவணும்?"

அந்தக் கேள்விக்கு நாங்கள் நடுங்கிய நடுக்கம் கொஞ்சநஞ்சமல்ல. செல்வம் என்று எனக்கு ஒரு நண்பன். கொரட்டூரில் டூவீலர் மெக்கானிக், வட்டத்தின் செயலாளர், கவிஞன், மூன்றையும் ஒரே கிரீஸ் கையோடு செய்பவன். அவன் ஒரு கதை படித்தான். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கப் போன பெண், நகரம் அவளை வஞ்சிக்கிறது, கடைசியில் தூக்க மாத்திரை. படித்து முடித்து நிமிர்ந்தான். எல்லாரும் அருமை சொன்னோம். அவன் பார்வை மட்டும் கடைசி வரிசைக்குப் போனது.

"ஏன்பா செல்வம், அவ ஏன் சாவணும்?"

"அது... சமூகம்க்கா."

"சமூகம் கெடக்கட்டும். ரெண்டாம் பக்கத்துல நல்லாத்தானே இருந்தா? மொத சம்பளத்துல செருப்பு வாங்குனா. புது செருப்பு கடிக்குதுன்னு சிரிச்சுகினே நொண்டி நொண்டி நடந்தா. நான் அவகூடவே நடந்துகினு வந்தேன். நீ பாட்டுக்கு மாத்திரையைக் குடுத்துட்ட."

"முடிவு வேணும் இல்லக்கா?"

"நானும்தான் தனியா கீறேன். எனக்கு இன்னா முடிவு வெச்சிருக்க?"

தலைவர் வடைத் தட்டை அக்கா பக்கம் நகர்த்தினார். அன்றைக்கு நான் சிரித்தேன். அந்த வருஷக் கடைசியில் நானே மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று தெரியாது.

நான் அக்காவையே வைத்து ஒரு கதை எழுதினேன். ஸ்கூட்டரை ஆட்டோவாக மாற்றவில்லை, திருமுல்லைவாயிலைத் திருமழிசையாக மாற்றவில்லை. சோம்பேறித்தனம்தான். தனியாக இருக்கிற ஒரு பெண் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறாள். வழியில் கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே வருகிறாள். மாடி ஏறுகிறாள். காபி போட்டுக்கொள்கிறாள். செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் போட்டுக்கொள்கிறாள். அவ்வளவுதான். இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. எழுதியபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது.

நைட் ஷிஃப்ட் காரணமாக அக்கா வராத ஒரு மாதத்தில் அதை வட்டத்தில் படித்தேன். அருமை வந்தது. பிறகு தலைவர் கண்ணை மூடினார்.

"காப்பி குடிச்சா, கால் நீட்டினா. சரி. இதுல வாசகனுக்கு என்ன இருக்கு?"

"ஒரு நிறைவு இருக்குன்னு..."

"தனியா இருக்கறவளுக்கு எப்படிய்யா நிறைவு வரும்? அது பொய் நிறைவு. அதை நீங்க உடைக்கணும். பக்கத்துல ஏரி இருக்கில்ல?"

ஏரி இருந்தது. அம்பத்தூர்க்காரன் ஏரி இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அருமையான யோசனை" என்று நானே சொன்னேன். மூன்றாம் பக்கம் எழுதி அவளை ஏரிக்கு அனுப்பினேன். கரையில் செருப்பு மட்டும் மிச்சம். தலைவருக்கு அதிர்வு ஏற்பட்டது.

போகிக்கு முந்தின ஞாயிறு பொங்கல் மலர் வெளியானது. அக்கா வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து மலரைப் பிரித்து என் கதையைப் படிக்க ஆரம்பித்ததை மேடையிலிருந்து பார்த்தேன். வாழ்த்துரை ஓடிக்கொண்டிருந்தது, ஒரு வார்த்தை காதில் விழவில்லை. அவர் ஒரு தாளைத் திருப்பினார். மலரை மூடினார். மடித்து ஹெல்மெட்டுக்குள் செருகினார். எழுந்து போய்விட்டார்.

கேள்வி கேட்கவில்லை.

எல்லாருடைய கதைக்கும் கேட்டவர் என் கதைக்குக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு மாதமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். கேட்காமல் போனதும்தான் தெரிந்தது, கேட்பதைவிட இது பயங்கரம் என்று.

பொங்கலன்று காலை வாழ்த்துச் சொல்கிற சாக்கில் போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப். பொங்கிய பிறகு செய்தேன். ஸ்விட்ச் ஆஃப். இலையில் சர்க்கரைப் பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது, முந்திரி என்னை முறைத்தது. மத்தியானம் செல்வத்தைக் கூட்டிக்கொண்டு திருமுல்லைவாயிலுக்குப் போனேன்.

தெரு முழுக்கக் கோலம், கரும்பு, புதுச் சட்டை. மாடிப்படி ஏறிப் பார்த்தால் பூட்டு. ஜன்னல் ஓரமாகக் காதை வைத்தேன். உள்ளே ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு, இடைவெளி, சொட்டு. வாசனை ஏதாவது வருகிறதா என்று மூக்கை வைத்துப் பார்த்தேன். கீழ் வீட்டு ஏலக்காய்தான் வந்தது. செல்வம் என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

கீழ் வீட்டு அம்மா, அவர்தான் வீட்டுச் சொந்தக்காரர், கரும்பு கடித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"ஆரு, மேல்மாடியா? ஊட்டப் பூட்டிகினு நேத்தே போய்ட்ச்சு. எங்கன்னு சொல்லல. பொங்கலும் அதுவுமா ஆராவது ஊட்டப் பூட்டுவாங்களா?"

"சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருப்பாங்களோ?"

"அதுக்கு ஏது சார் போக்கிடம்? அண்ணன் ஊட்டுக்கே போவாது." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு நாளாவே ஒரு மாதிரி இருந்துச்சு சார்."

"ஒரு மாதிரின்னா?" என்றேன்.

"சிரிச்சுகினே இருந்துச்சு. படியெறங்கும்போது பாட்டு வேற. தொட்டிச் செடிங்களக் கொண்டாந்து எங்க வாசல்ல வெச்சு, தண்ணி ஊத்துங்கன்னு சொல்லிட்டுப் போச்சு."

செல்வமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். செடியை ஒப்படைத்துவிட்டுப் போவது! எங்கள் வட்டத்துக் கதைகளில் செடியை, பூனையை, சாவியை ஒப்படைத்துவிட்டுப் போன எவரும் உயிரோடு திரும்பியது கிடையாது. சிரிப்பும் அப்படித்தான். கடைசிக்கு முந்தின பத்தியில் சிரித்தால் ஆள் காலி என்று அர்த்தம்.

தெருமுனையில் செல்வம் வண்டியை நிறுத்தினான்.

"மச்சான், நீதான்டா."

"நான் என்னடா பண்ணேன்?"

"வழியை நீதானே எழுதிக் குடுத்த? எந்த ஏரி, எந்தக் கரை, எல்லாம் தெளிவா போட்டுகீற. போலீஸ் மலரைப் படிச்சா மொதல்ல உன்னத்தான் தூக்குவான்."

அந்தக் கோணம் அதுவரை எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அடுத்த ஒரு மணி நேரம் வட்டத்து ஆட்களுக்கெல்லாம் போன் போட்டேன். பொங்கல் வாழ்த்துச் சொல்லிவிட்டு, மலரில் ஒரு பிழை, கொஞ்சம் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். யாரும் இன்னும் பிரிக்கவே இல்லை என்றார்கள். ஒருவர் வடைக்கு அடியில் விரித்துவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக வாசகர்களின் அலட்சியம் எனக்கு ஆறுதலாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது என்பதை மறைப்பானேன்.

மாட்டுப் பொங்கலன்று ஏரிக்குப் போனேன். மாலை வெயில் தண்ணீரில் தகதகத்தது. ஸ்கூட்டர் ஏதும் கரையில் இல்லை என்று பார்த்து மூச்சு விட்டேன். விட்ட மூச்சு பாதியில் நின்றது. கரையோரம் ஒரு ஜோடிப் பெண் செருப்பு. நான் எழுதிய அதே கரை. அதே மாதிரி, முனை தண்ணீரைப் பார்த்தபடி. என் பிள்ளைகளின் முகம், தலைவரின் மூடிய கண், லாக்கப்பில் நான் சட்டையில்லாமல் நிற்பது, எல்லாம் வரிசையாக வந்தன. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் ஒரு குமிழி கிளம்பியது. சத்தியமாகச் சொல்கிறேன், உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா சார், என் செருப்பை அப்படிப் பாக்கறீங்க?"

போனைக் காதில் வைத்தபடி வெறுங்காலோடு நடைப்பயிற்சி முடித்து வந்த ஒரு பெண் செருப்பை மாட்டிக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். "இல்லடி, இங்க ஒரு ஆளு, செருப்புத் திருடன் போல" என்று போனில் சொல்லிக்கொண்டே போனாள்.

காணும் பொங்கலன்று செல்வம் போன் செய்தான். குரல் உடைந்திருந்தது.

"மச்சான், அக்கா வண்டி கெடச்சிடுச்சு. திருமுல்லைவாயில் ஸ்டேஷன் ஸ்டாண்டுல நிக்குது."

"ஸ்டேஷன்லயா?"

"ஆமாடா. தண்டவாளம்."

இந்த இடத்தில் வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டாம். ரயில் நிலையத்தில் ஒருவர் வண்டியை நிறுத்தியிருக்கிறார் என்றால் ரயில் ஏறிப் போயிருக்கலாம் என்று எங்கள் இருவருக்கும் ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. எழுத்தாளர்கள் இரண்டு பேர். எங்களுக்கு ரயில் என்றால் விழுவதற்கு. அதில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்கலாம் என்பது கற்பனைக்கு எட்டவில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். செல்வம் இன்ஸ்பெக்டர்.

"காணாமப் போனவங்களுக்கு நீங்க இன்னா ஆவணும்?"

"நான் அவங்களை வச்சு ஒரு கதை எழுதினவன் சார்."

"கதையில அவங்க இன்னா ஆனாங்க?"

நான் டீயைக் கீழே வைத்தேன். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிரவு சாப்பிடவில்லை. என் மனைவி முதன்முறையாகக் கிண்டல் செய்யாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கிண்டல் செய்யாததில் என் பயம் இரட்டிப்பானது.

மறுநாள் காலை, வேறெங்கும் போகத் தெரியாமல், திரும்ப அந்த வீட்டுக்கே போனேன். வாசலில் ஸ்கூட்டர் நின்றது. கீழ்வீட்டு வாசலில் இருந்த தொட்டிச் செடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஒருவர் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்த முகம், மூக்குத் தோல் உரிந்திருந்தது.

அக்கா.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவர் செடியைக் கீழே வைத்தார்.

"இன்னாபா, ஆரு செத்துட்டா?"

நீங்கள்தான் என்று சொல்ல முடியுமா? சொன்னேன். ஏரி, செருப்பு, தண்டவாளம், ஒத்திகை, எல்லாம் சொன்னேன். மூன்றாம் பக்கம்தான் காரணமென்று நம்பியதையும் சொன்னேன்.

"மூணாம் பக்கமா? அதுல இன்னா கீது?"

"நீங்க படிக்கலையா?"

"ரெண்டாம் பக்கத்துல காலைத் தூக்கி நாற்காலி மேல போட்டா பாரு, அதோட மூடிட்டேன். அதுக்கு மேல இன்னா வேணும்? நல்லா இருந்துச்சுபா. அதைப் படிச்சதுலேருந்து எனக்கும் எங்கியாவது போயிட்டு வரணும்போல ஆய்ட்ச்சு." கையைத் துடைத்துக்கொண்டார். "மூணாம் பக்கத்துல இன்னா பண்ண அவள?"

நான் தரையைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கடைசியில் அந்தக் கேள்வி வந்தது, தாழ்ந்த குரலில்.

"அவ ஏன்பா சாவணும்?"

ஒரு மாதம் தயாரித்த பதில் ஒன்றும் வரவில்லை. "தலைவர் சொன்னாருக்கா" என்றேன்.

"அவரு சொன்னா கொன்னுடுவியா?"

திட்டியிருந்தால் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார், இந்த ஆளோடு இத்தனை நாள் ஒரே கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறோமே என்கிற மாதிரி. பிறகு ஒரு தொட்டியை என் கையில் கொடுத்து, மேலே கொண்டுபோய் வைக்கச் சொன்னார். வைத்தேன். உள்ளே அந்தக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு வாஷர் போடச் செல்வத்தை வரச்சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் வட்டத்துக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் பூந்தமல்லிப் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார். மெட்ரோ தூண்களுக்கு நடுவே பஸ்ஸில் போகும்போது ஹெல்மெட் போட்ட பெண்களையெல்லாம் எட்டிப் பார்ப்பேன். இப்போதும் கதை எழுதும்போது நான் பேனாவைக் கீழே வைத்துவிடுகிற ஓர் இடம் உண்டு. இரண்டாம் பக்கம் முடிகிற இடம்.

நடந்தது இவ்வளவுதான். அக்காவுக்கு லீவு சேர்ந்திருந்தது. ரயில் ஏறி, பஸ் மாறி, தரங்கம்பாடிக்குப் போய்க் கடல் பார்த்தார். பொங்கலன்று காலை அலையில் நின்று தன்னைத்தானே போட்டோ எடுத்துக்கொண்டபோது கை நழுவியது. தண்ணீரில் விழுந்தது போன்தான்.